காரம் தின்ற தகடு

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் பிரஷ் பிடிப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். எந்தப் பெயிண்டுக்கு எவ்வளவு டர்பன்டைன் என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். முப்பத்திரண்டு வருடம் எஸ்டேட் பெயிண்டராக இருந்த நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது ஒரு படகைப் பற்றி. அதில் நான் செய்தது எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மூணாறுக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டை ஓர் அணை ஏரி இரண்டாகப் பிரித்திருந்தது. பாக்டரி, பட்டறை, நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயம் எல்லாம் இந்தக் கரை. கொழுந்து பறிக்கிற மலையில் பாதி அந்தக் கரை. காலையில் பெண்களை அக்கரையில் கொண்டுபோய் விடுவதற்கு ஓர் அலுமினியப் படகு இருந்தது. எட்டுப் பேர் உட்காரலாம். பத்துப் பேர் ஏறுவார்கள். துடுப்புப் போடுகிறவர் சுடலைமுத்து அண்ணாச்சி. படகு இல்லாவிட்டால் ஏரியைச் சுற்றி நாலு மைல் நடக்க வேண்டும். மலையில் பிழைக்கிறவர்களுக்கு நாலு மைல் ஒரு தூரமே இல்லை. ஆனால் அந்த வழியில் யூகலிப்டஸ் காட்டுக்குள் யானை நிற்கும். என் மனைவி செல்லத்தாயிக்கும் அந்தக் கரையில்தான் வேலை.

படகின் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. மழை ஓய்ந்ததும் போர்மேன் என்னைக் கூப்பிட்டார். மலையாளி; பல வருடம் எங்களோடு பழகித் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். பட்டறை முழுக்க பாக்டரி உருளை மெஷின்களைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

“இங்க இடமில்ல குருசாமி. ஏரிக்கரையில வெச்சு அடிச்சா மஞ்சுப் பனிக்குப் பெயிண்ட் காயாது. நீ வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய். எல்லாம் சுரண்டிக் களஞ்சிட்டுப் புதுசா அடி. ஒரு வாரம்தான். யானை இறங்குற காலமாணு.”

டிராக்டரில் ஏற்றி வந்து, எங்கள் லயத்துக்குப் பின்னால் செல்லத்தாயி போட்டிருந்த பீன்ஸ் பாத்தியின் ஓரமாக, இரண்டு மரக்கட்டைகளின் மேல் படகைக் கவிழ்த்து வைத்தோம். மேலே பச்சை, அதற்கடியில் சாம்பல், அதற்கும் அடியில் வெள்ளை. மூன்று பூச்சு. சுரண்டியை வைத்து இரண்டு நாள் மாரடித்தும் ஒரு பக்கத்தில் பாதிகூட வெளுக்கவில்லை. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

நான் இரும்பில் தொழில் பழகியவன். பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தில் பெரிய பெரிய குழாய்களுக்கும் கேட்டுகளுக்கும் அடித்தவன். இரும்பில் பழைய பெயிண்ட் விடாமல் அடம் பிடித்தால் காரசோடாவைத் தண்ணீரில் கரைத்து, மைதாப் பசையோடு சேர்த்துக் குழைத்து அப்புவோம். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் வெந்த தோல் மாதிரிச் சுருண்டு வந்துவிடும். இதுவும் உலோகம்தானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு கதவளவுக்கு இடது பக்கத்தில் பசையை அப்பிவிட்டுக் கஞ்சி குடிக்க உள்ளே போனேன்.

பாதிக் கஞ்சியில் செல்லத்தாயி கத்தினாள். “ஏங்க, இங்க வாங்க! படகு கொதிக்குதுங்க!”

அவள் சொன்னது மிகையில்லை. வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி வழிந்தது. எண்ணெயில் வடை போட்ட மாதிரிச் சத்தம். பக்கத்தில் போனால் சூடு முகத்தில் அடித்தது, மூச்சு முட்டியது. குடத்தை எடுத்து ஊற்றினேன். அவள் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்தாள். சத்தம் அடங்க இருபது குடத்துக்கு மேல் ஆயிற்று. வழிந்த தண்ணீர் பாத்திக்குள் போய், மறுநாள் பீன்ஸ் செடி முழுக்கப் பழுப்பாகத் தலை தொங்கிவிட்டது. பெயிண்ட் என்னவோ மூன்று பூச்சும் போயிருந்தது. அடியில் தகடு கரி பிடித்த சட்டி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. துணியால் தேய்த்தேன். கறுப்புப் போய்ச் சொரசொரப்பாகச் சாம்பல் நிறம் வந்தது.

பெயிண்டை மட்டும் தின்றதா, தகட்டையும் தின்றதா? அங்கே தொடங்கியது என் குழப்பம்.

கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். தகடு ‘டப்’ என்று உள்ளே போய் ‘டப்’ என்று வெளியே வந்தது. வலது பக்கம் போய் அழுத்தினேன். சில இடத்தில் ‘டப்’, சில இடத்தில் அசையவில்லை. முன்பு இடது பக்கம் எப்படி இருந்தது? எனக்குத் தெரியாது. பசை பூசுவதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் அதை அழுத்திப் பார்க்கவில்லை. வேலை தொடங்குவதற்கு முன் ஒரு சாமான் எப்படி இருந்தது என்று பார்த்து வைக்காதவனுக்கு, பிறகு அது எப்படி ஆகியிருக்கிறது என்று சொல்ல வழியில்லை. இந்த ஒன்றை மட்டும் என்னால் குழப்பமில்லாமல் சொல்ல முடியும்.

செல்லத்தாயி ஒரு யோசனை சொன்னாள். “நிமித்திப் போட்டு உள்ள தண்ணிய ஊத்துவோம். ஓட்டையிருந்தா கீழ சொட்டும்லா?”

ஊற்றினோம். மாலை வரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. “தண்ணி நிக்குதுல்ல, பெறகென்ன?” என்றாள். எனக்கு ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம், ஓட்டை இல்லை என்பதும் பத்துப் பேர் மிதித்தால் தாங்கும் என்பதும் ஒன்றா என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் சுடலைமுத்து அண்ணாச்சி பார்க்க வந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அந்தச் சாம்பல் இடத்தைப் பார்த்தார். நானே அழுத்திக் காட்டினேன்.

“இது முன்னாலயும் இப்பிடித்தான்வே அமுங்கும்” என்றார். “சும்மா மண்டையப் போட்டு ஒழப்பாம அடிச்சு விடும். பொம்பளையெல்லாம் காட்டுவழியா நடந்து சாவுதாளுவ.”

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அந்தப் படகை அவரளவு தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் படகு இல்லாத இந்த நாட்களில் அவரைக் களை வெட்டுகிற கும்பலில் விட்டிருந்தார்கள். படகு போனால் அவருக்கு நிரந்தரமாக மண்வெட்டிதான். அவர் சொன்னதில் எவ்வளவு படகைப் பற்றியது, எவ்வளவு மண்வெட்டியைப் பற்றியது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போர்மேனிடம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு தடவை பட்டறை வரை போனேன். முதல் தடவை உப்புத்தாள் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாவது தடவை எதுவுமே கேட்காமல் திரும்பினேன். “காரம் போட யார் சொன்னது?” என்பதுதான் அவர் முதலில் கேட்கப்போவது. எஸ்டேட்டில் ‘குருசாமி கை பட்டால் அஞ்சு வருஷம் நிக்கும்’ என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நானே கொண்டுபோய்க் குப்பையில் போட மனசு வரவில்லை.

ஆகவே மிச்சப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கிவிட்டுப் பிரைமர் அடித்தேன். அதன்மேல் இரண்டு கோட் பச்சை. சாம்பல் இடம் மறைந்துவிட்டது. நானே தேடினாலும் எங்கே என்று சொல்ல முடியாத அளவுக்கு வழவழப்பு. சனிக்கிழமை ஏரிக்குக் கொண்டுபோனபோது போர்மேன் தடவிப் பார்த்து, “கொள்ளாமே குருசாமி! கொள்ளாம்!” என்று முதுகில் தட்டினார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தட்டலுக்கு நான் சிரிக்கவும் செய்தேன்.

திங்கட்கிழமை காலை. இன்னும் மூடுபனி விலகவில்லை. செல்லத்தாயி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடையை எடுத்தாள்.

“நீ இன்னைக்கு நடந்தே போ” என்றேன்.

“எதுக்கு? அதான் படகு திரும்ப வந்துட்டுல்லா?”

“சொன்னாக் கேளு. இன்னைக்கு ஒரு நாளு.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். “நான் மட்டும் நடக்கணுமா, எல்லாரும் நடக்கணுமா?”

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“கடைசி வீட்டு மாரியக்கா அந்நேரமே கெளம்பி எறங்கிட்டா. அவகிட்டயும் போய்ச் சொல்லட்டுமா?”

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. படகு ஓட்டை என்று சொல்ல முடியாது, ஓட்டை இல்லை. நல்ல படகு என்று சொன்னால் எதற்காக ஓடி வருகிறேன்? கரைக்குப் போனபோது ஆறு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாரியம்மா ஒரு காலைப் படகுக்குள் வைத்திருந்தாள். எங்கள் லயத்தில் கடைசி வீடு. என்னைவிட மூத்தவள், மதினி என்று கூப்பிடுவேன்.

“மதினி, எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க.”

“என்னவே, இன்னும் காயலயா?” என்று ஒருத்தி சிரித்தாள்.

சுடலைமுத்து அண்ணாச்சி துடுப்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “குருசாமி, அந்தால போயிரும். நான் பாத்துட்டேன், ஒண்ணும் செய்யாது.”

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்தார். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன். காரம் போட்டேன், தகடு கொதித்தது, எவ்வளவு தின்றது என்று தெரியவில்லை, அதை மறைத்துத்தான் பெயிண்ட் அடித்தேன்.

“முங்குமா, முங்காதா? அதச் சொல்லு” என்றார் சூப்பர்வைசர்.

“தெரியல சார்.”

“தெரியலன்னா அது என்னய்யா பதிலு? ஒரு வாரம் வீட்டுல வெச்சிருந்தவன் நீ!”

“தெரியல சார்.”

எத்தனை விதமாகக் கேட்டாலும் என்னிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதைச் சொல்லச் சொல்ல நானே ஒரு பைத்தியக்காரன் மாதிரி எனக்குத் தோன்றியது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. மாரியம்மா காலை வெளியே எடுத்துவிட்டு, “யானைகிட்டயும் நீதான் வந்து பேசணும், தம்பி” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அண்ணாச்சி படகைக் கட்டினார். கயிற்றை முடிச்சுப் போடும்போது என் பக்கம் திரும்பவேயில்லை.

மேலாபீசுக்கு எழுதினார்கள். கீழேயிருந்து இன்ஜினியர் வந்து பார்க்கிற வரைக்கும் படகை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. போர்மேன் என்னைத் திட்டவில்லை. “எழுதிப் போயாச்சு. இனி எனக்கும் கை வைக்கப் பாடில்ல” என்று மட்டும் சொன்னார். தனக்கும் தொட அனுமதி இல்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம், இரண்டு வாரம் என்று அது இரண்டு மாதமாக இழுத்தது. தினமும் விடிகிற நேரத்தில் பெண்கள் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் காட்டுவழிக்குப் போவார்கள். ‘பெயிண்டர் புண்ணியத்துல நடக்கோம்’ என்று சத்தமாகப் பேசிக்கொண்டு போவார்கள். அவர்களோடு சேர்ந்துதான் செல்லத்தாயியும் நடந்தாள். மாலையில் அவர்கள் பேச்சுச் சத்தம் திரும்பக் கேட்கிற வரைக்கும் எனக்கு வேலையில் கை ஓடாது. படகில் போய் யாராவது முழுகினால் என் தலையில். காட்டில் யானை மிதித்தால் அதுவும் என் தலையில். ஏரிப்பக்கம் ஒரு பயம், காட்டுப்பக்கம் ஒரு பயம். எது பெரியது என்று எடை போட எனக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் திருப்பத்தில் ஒற்றை யானை நின்றிருக்கிறது. எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். யானை துரத்தவில்லை, நின்ற இடத்திலேயே நின்றதாம். ஆனால் சரிவில் ஓடிய மாரியம்மா கால் தட்டி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கொழுந்து கிள்ளுகிற கை.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் கணபதி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். பாக்டரியில் வேலை. அதிர்ந்து பேசாத ஆள். அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன், குருசாமி. அந்தப் போட்டு முங்கியிருக்குமா?”

“தெரியல, கணபதி.”

“தெரியாமலா எல்லாரையும் நடக்க வெச்ச?”

“தெரியாததுனாலதான்.”

என் பதிலை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று அவன் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. வாசலை விட்டு இறங்கித் தன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

இன்ஜினியர் ஒருவழியாக வந்தார். படகின் வயதைக் கேட்டார். சுற்றி ஒரு நடை நடந்தார். காரம் பட்ட இடது பக்கத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பழசாயிடுச்சு, தள்ளிடுங்க” என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் புதுப் படகு வந்தது. அண்ணாச்சிக்குத் துடுப்பு திரும்பக் கிடைத்தது. பழைய படகு பட்டறைக்குப் பின்னால் கிடந்தது.

பாக்டரித் தொட்டிக்கு ஒட்டுப்போடத் தகடு வேண்டும் என்று ஒரு நாள் போர்மேனே அதை வெட்டினார். என்னைக் கூப்பிட்டு இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று காரம் பட்ட இடத்திலிருந்து, மற்றது காரம் படாத மூக்குப் பக்கத்திலிருந்து. இரண்டையும் சுத்தமாகத் தேய்த்து, கனம் பார்க்கிற கருவியின் வாயில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். வித்தியாசம் ஒரு காகிதத்தின் கனம் இருந்தால் அதிகம். நானும் செல்லத்தாயியும் தண்ணீர் ஊற்றிய வேகத்தில் படகு பிழைத்துவிட்டது என்றார்.

“எங்கிட்ட அன்னைக்கே பறஞ்சிருந்தா, சின்னதா ஒரு ஓட்டை போட்டுக் கனம் பாத்து, ஒரு ரிவிட் அடிச்சு அடச்சிருப்பேனே. பத்து நிமிஷ ஜோலி, குருசாமி.”

இதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார். பத்து நிமிடம். உப்புத்தாள் வாங்கப் போன அந்தத் தடவை நான் வாயைத் திறந்திருந்தால் போதும்; இரண்டு மாத நடையும் இல்லை, மாரியம்மாவின் கையும் உடைந்திருக்காது. படகை நிறுத்தினேனே, அது தப்பா என்று கேட்டுக் கேட்டு இரண்டு மாதம் தூக்கம் கெட்டிருந்தேன். அதற்கு ஐந்தாறு நாள் முந்தியே, பட்டறை வாசலில், அந்தத் தப்பு நடந்து முடிந்திருந்தது.

அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாரியம்மா வீட்டுக்குப் போனேன். செல்லத்தாயி தடுத்தாள். “இப்பப் போய் என்னத்துக்கு? ஆறிப்போனதக் கெளறாதிய.” எனக்கும் தெரியவில்லை என்னத்துக்கென்று. போனேன்.

மாரியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு கூடிவிட்டிருந்தது, கொஞ்சம் கோணலாக. கணபதி உள்ளேயிருந்து வந்து நிலையில் சாய்ந்துகொண்டான்.

“மதினி, அந்தப் போட்டு முங்கியிருக்காது. இப்பத்தான் தெரிஞ்சுது” என்று துண்டுகளை நீட்டினேன். போர்மேன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முன்னாலேயே நான் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்து.

அவள் இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே. எனக்கு எப்பிடித் தெரியப்போவுது?”

அப்போது என்ன நினைத்தேனோ, யாரிடமும் சொல்லாத இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். “அன்னைக்குக் காலையில நான் மொதல்ல செல்லத்தாயிய மட்டுந்தான் போகாதன்னு தடுத்தேன், மதினி. அவ கேட்ட கேள்வியிலதான் கீழ ஓடி வந்தேன்.”

கணபதி நிலையை விட்டு நிமிர்ந்து நின்றான். மாரியம்மா தகட்டை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப யார ஏத்தக்கூடாதுன்னு உனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு” என்றாள்.

தகடு ஒன்றும் ஆகவில்லை மதினி, இதோ பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் குனிந்து திரும்பவும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். கோணல் கை மெதுவாகத்தான் அசைந்தது. அரிசி முழுக்கப் பார்த்து முடிகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். போ என்று அவள் சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை.